கொளஞ்சியம்மாளின் கற்கள் நகர்ந்த வாரம்

பங்குனி பதினேழாம் தேதி விடிந்தபோது, தியாகதுருகத்துக்குக் கிழக்கே கொளஞ்சியம்மாள் களத்தில் காயப்போட்டிருந்த நாலாயிரம் பச்சைச் செங்கற்களும் நகர்ந்து போய் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, யானை உயரத்துக்கு ஒரே குவியலாக நின்றன. கடப்பாரை போட்டு நெம்பிப் பிரித்தாள். பிரித்த கல் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு திரும்பிப் போய் ஒட்டியது. முப்பது வருசம் ஊரான் வீட்டுக்கெல்லாம் கல் அறுத்தவள், இப்போதுதான் தனக்கென்று அறுத்திருந்தாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மூன்று சென்ட் மனையில் அரசாங்க வீடு. வெள்ளிக்கிழமை ஓவர்சீயர் படம் பிடிக்க வரும்போது சுவர் இடுப்பளவு எழும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும். சூளை வைத்துச் சுட நாளில்லை; பச்சைக் கல்லையே அடுக்கலாமென்றால் கல் பிரிய வேண்டும். அன்று புதன்.

அச்சில் மண் ஒட்டாமலிருக்க மணல் தூவுவார்கள். மணல் கிடைக்காமல் அவள் சுடுகாட்டுச் சாம்பலைத் தூவியிருந்தாள். ஒரே நாளில் செத்து ஒரே சிதையில் வெந்த நாராயணசாமி, ஆண்டாள் புருசன் பெண்டாட்டியின் சாம்பல் அது, பின்னே ஒட்டாமல் என்ன செய்யும் என்றார்கள் தெருப் பெண்கள். பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்த பள்ளிக்கூட வாத்தியார் ஜெயப்பிரகாஷ் ஒரு கல்லைப் பிரித்து விட்டுப் பார்த்துச் சந்தோஷத்தில் துள்ளினார்.

"உலகத்துல எந்த ரெண்டு துகளும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கினுதான் இருக்குது கொளஞ்சியம்மா. கம்மியா இழுக்கறதால நமக்குத் தெரியல. இங்க ஜாஸ்தியாயிடுச்சி."

"ஏன் சார் இழுக்குது?"

"எவ்ளோ இழுக்கும்னு கணக்கு இருக்குது. ஏன்னு கேட்டா கடைசியில எவனுக்கும் தெரியாது."

"இதுக்கா சார் சம்பளம் வாங்கறீங்க. சரி, எந்தப் பக்கம் போவும்? அதயாவது சொல்லுங்க."

"வெயிட் ஜாஸ்தியா இருக்கற பக்கம்."

வியாழன் காலை அவள் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து தன் மனையில் அஸ்திவாரக் கடைக்கால் ஓரமாக வரிசையாக உட்கார வைத்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குவியல் லேசாக நடுங்கியது, நகரவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன தீனதயாளனின் டிராக்டரை மறித்து, மனை நடுவில் விடச் சொன்னாள்.

"இன்னாக்கா, கரும்பு லோடையே கடத்தறியா?"

"வாய மூடிக்கினு ஓட்டுடா."

வண்டி நின்றதும் குவியல் உடைந்தது. கற்கள் முழங்கால் உயரத்தில் மிதந்து ரோட்டைக் கடந்தன. கள்ளக்குறிச்சி பஸ் நின்று வழிவிட்டது. கண்டக்டர் எண்ண ஆரம்பித்து நூற்றைம்பதில் விட்டுவிட்டார். டிராக்டரை நோக்கிப் போன கற்கள், வழியில் பெண்களின் வெயிட்டும் இழுக்க, அவர்கள் உட்கார்ந்திருந்த கோட்டிலேயே தங்கி, ஒவ்வொருத்தியாக எழ எழ, அவளவள் இடத்தில் வரிவரியாக ஏறின. கொளஞ்சியம்மாள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே மூலைக்கு மூலை ஓடி, கோணலாக வந்த கல்லைத் தட்டித் தட்டி நேராக்கினாள். பத்தரை மணிக்குச் சுவர் இடுப்பைத் தாண்டியது. அப்புறம்தான் தீனதயாளன் உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்தது. கிழக்குச் சுவரை இடித்துக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தான்.

மறுநாள் ஓவர்சீயர் டேப் பிடித்துப் பார்த்து, வாசல் ஏன் எட்டடி என்று கேட்டார்.

"டிராக்டர் வெளிய வரணுமில்ல சார்."

அதையும் எழுதிக்கொண்டு படம் பிடித்தார். சுடாத, பூசாத அந்தக் கல் நாலு ஐப்பசி மழைக்கும் கரையவில்லை. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது சுவரின் இழுப்பை மீறி, வாசல்நிலையைப் பிடித்து ஒரு உந்து உந்தித்தான் வெளியே வர வேண்டும். தெருவில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.