மேட்டின் உயரம்

எங்கள் குப்பைமேடு நிரம்பி எத்தனையோ காலமாகிவிட்டது. ஊருக்கே தெரியும். அளக்க வருகிற அதிகாரிகளுக்கு மட்டும்தான் தெரியாது. அனுமதித்த உயரத்தைத் தாண்டினால் கிடங்கை மூடிவிடுவார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன் என்ஜினீயர் ஒரு வேலை சொல்வார்: உச்சியை வழித்துப் பக்கவாட்டில் தள்ளு. குப்பை எங்கும் போகாது, உயரம் மட்டும் குறையும். புல்டோசர் ஓட்டுவது என் வீட்டுக்காரர். வருஷா வருஷம் தள்ளினார்.

அவர் தள்ளும் பக்கத்தின் அடியில்தான் தரம் பிரிக்கும் கொட்டகை. நானும் என் தங்கையும் அங்கே பிளாஸ்டிக் வேறு, தகரம் வேறு என்று பிரிப்போம். தங்கைக்கு வாயாடி என்று பட்டப்பெயர். அவள் வராத நாளில் கொட்டகையில் நாற்றம் மட்டும்தான் இருக்கும்.

இந்தத் தடவை மழை விடாமல் பெய்திருந்தது. சரிவிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டகைக்குள் வடிந்தது. மேலே ஏறிப்போய் வண்டியை மறித்தேன்.

"அந்தப் பக்கம் தள்ளாதீங்க. கீழ நாங்க இருக்கோம்."

"இத மூடிட்டா ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றார்.

தங்கையிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். "மாமா என் மேல குப்பையத் தள்ளிடுவாரா? அவருக்கு அவ்ளோ தைரியம் ஏதுக்கா?"

மறுநாள் அவர் மேலே தள்ளிக்கொண்டிருந்தபோது, நான் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கொட்டகை இல்லை.

கொட்டகையில் இருந்த மற்றவர்கள் தப்பி ஓடிவந்துவிட்டார்கள். அவளும் வெளியே வந்தாளாம். நான் உள்ளே இருப்பதாக நினைத்து, "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே திரும்ப ஓடினாளாம்.

நாள் கணக்கில் தோண்டினோம். செருப்பு நிறையக் கிடைத்தது, குப்பைமேட்டில் செருப்புக்கா பஞ்சம்? ஒன்றும் அவளுடையது இல்லை. தோண்டத் தோண்டச் சரிகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள், பாவிகள்.

பிறகு அதிகாரிகள் அளக்க வந்தார்கள். மேடு சரிந்ததில் உயரம் நன்றாகவே இறங்கியிருந்தது. இன்னும் கொட்டலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள். கொட்டகை இருந்த பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னார் என்ஜினீயர். வாசல்வரை லாரிகள் நின்றன.

"நீங்க வண்டியில ஏறக் கூடாது" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் ஏறலன்னா வேற ஆள ஏத்துவாங்க. அவனுக்கு அவ எங்க உக்காருவான்னு தெரியாது. எனக்குத் தெரியும். அந்த எடத்த மட்டும் விட்டுட்டு ஓட்டுறேன்."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது.

"அவ உக்காந்திருக்கல. என்னத் தேடி ஓடிக்கிட்டிருந்தா. நீங்க எந்த எடத்த விடுவீங்க?"

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினார்.