படிவரை போன பேரம்

அக்காவின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வதற்கு விலை பதினெட்டாயிரத்து நானூறு. நேர் விமானம், ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மிச்சமிருந்தது ஒரே ஒரு இருக்கை.

அடுத்த வாரம் என்றிருந்த இதய ஆபரேஷனை இன்று மாலை நாலு மணிக்கு மாற்றிவிட்டார்கள் என்று விடிந்ததும் போன் செய்தாள். "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி வந்து கையப் புடிச்சுக்கடா. பயமா இருக்கு." என்னைத் தூக்கி வளர்த்தவள். பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஏழரைக்கெல்லாம் மாடியில் டிக்கெட்காரர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நாங்கள் பட்டன் மொத்த வியாபாரப் பரம்பரை. சொன்ன விலைக்குத் தலையாட்டினால் செத்துப்போன தாத்தா எழுந்து வந்து அறைவார்.

"பதினஞ்சுக்குப் போடுங்க."

"அண்ணே, இது பட்டன் கடை இல்ல. கம்ப்யூட்டர் சொல்ற விலை."

"நான் பழைய வாடிக்கைன்னு அதுகிட்டச் சொல்லிப் பாருங்க."

சிரித்தார்; குறைக்கவில்லை. குல வித்தையை எடுத்தேன். எழுந்து, செருப்பை மெல்ல மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். மூன்றாம் படிக்குள் கூப்பிடாத கடைக்காரனை நான் பார்த்ததில்லை. நாலாம் படியில் நின்று கண்ணாடியைத் துடைத்தேன். ஐந்தாம் படியில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த சீட்ட வேற யாரோ எடுத்துட்டாங்க."

இனி ஒரே வழி, எதிர்த்திசையில் அறுநூற்று இருபது கிலோமீட்டர் போய் விமானம் மாறுவது. அங்கே பன்னிரண்டு மணிக்கு அடுத்த விமானத்தில் ஏறினால் இரண்டே முக்காலுக்கு அக்கா ஊரில் இறங்கலாம். பத்தொன்பதாயிரம். வாயைத் திறக்காமல் எண்ணி வைத்தேன்.

மாறும் இடத்தில் பலகை சொன்னது: ஒரு மணி நேரம் தாமதம்.

"எவ்வளவு வேணாலும் தரேம்மா, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன் கவுண்டர் பெண்ணிடம்.

"உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அக்கா கூப்பிட்டாள். "எவ்வளவுடா குறைச்ச?"

"அறுநூறு கூடக் குடுத்தேன்."

"நீயா? அடப்பாவி, கடைய மூடிடு!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நாலுக்குள்ள வந்துருவேல்ல?"

"வந்துருவேன்க்கா."

விமானம் திரும்பிவரும் வழியில் என் ஊருக்கு மேலாகவே பறந்தது. காலையில் நான் நின்ற படிக்கட்டு அடியில் எங்கோ இருந்தது. முன்சீட்டைக் கைகளால் தள்ளிப் பார்த்தேன். அதற்காக எந்த விமானம் வேகமாகப் போயிருக்கிறது?

ஆஸ்பத்திரிக்குள் ஓடும்போது மணி நாலரை. அக்கா புருஷன், மாமா, பெஞ்சிலிருந்து எழவில்லை.

"இப்பதான் மாப்ள, அரைமணி ஆச்சு. கதவு வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுப் போனா."

மூடிய கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கூட்டிப் பார்த்தேன். நேர்வழி ஆயிரத்து இருநூற்று நாற்பது. நான் பறந்தது இரண்டாயிரத்து நானூற்று எண்பது, சரியாக இரட்டிப்பு. போய்ச் சேர வேண்டிய பாக்கி, பத்தடி.