ஒன்பதாம் துண்டு

"பீமை நிறுத்துங்க."

கட்டுப்பாட்டு அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். சபையில் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தையை நான் சொல்லிவிட்டது மாதிரி ஒரு பார்வை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மென்பொருள் குழுத் தலைவர் சொல்லிவிட்டார்: "எது வேணாலும் கேளு. லீவு கேளு, புது நாற்காலி கேளு. பீமை நிறுத்தச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே." அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தாடி. யோசிக்கும்போதெல்லாம் அதைக் கோதுவார். யோசிக்காதபோதும்தான்.

"யாரு, புதுசா?" என்றாள் ஷிப்டுப் பொறுப்பில் இருந்த அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் சேர்ந்து இரண்டாவது வருடம் ஓடுகிறது. இன்னும் நான் 'புதுசு'தான்.

"நான்தான் அக்கா. ஒன்பதாம் துண்டு செத்துக் கிடக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்தும் செத்துதான் கிடந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் காலுக்குக் கீழே, ஆழத்தில், பீம் என்ற கற்றையாக ஓடும் துகள்கள் மோதிக்கொண்டே இருக்கின்றன. அதில் முக்காலே மூணுவீசம் குப்பை. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கண் இமைப்பதற்குள் முடிவு செய்யும் வடிகட்டி நிரலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எறிவதிலிருந்து மாதிரிக்காக ஒதுக்கும் ஒரு பிடியைத் தவிர, எறிந்தது எறிந்ததுதான். பிறகு அழுதாலும் புரண்டாலும் வராது.

மோதலைச் சுற்றி நிற்கும் உணர்கருவி, ஆரஞ்சுச் சுளை மாதிரி பன்னிரண்டு துண்டு. போன பராமரிப்பில் ஒன்பதாம் துண்டுக்கு மட்டும் கேபிளை மாற்றினார்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீளம். நீளமென்றால் சமிக்ஞை தாமதமாக வரும். அதை வடிகட்டியிடம் யாரும் சொல்லவில்லை. நேரம் தவறி வருவதெல்லாம் இரைச்சல் என்று அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, இந்த சீசன் தொடங்கிய நாளிலிருந்து.

சோதிக்கவில்லையா? சோதித்தார்கள். எல்லாம் பச்சை. போலி மோதல்களைத் தயாரிக்கும் நிரலும் அவற்றைச் சோதிக்கும் வடிகட்டியும் கேபிள் நீளத்தை ஒரே கோப்பிலிருந்து படிக்கின்றன. பழைய நீளம். கேள்வித்தாள் எழுதியவனே விடைத்தாளையும் எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன வரும்?

அந்த ஒரு பிடி மாதிரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் திறந்தேன். ஒன்பதாம் துண்டு வழியாகப் போன தடங்கள், கோடு போட்டது மாதிரி சுத்தமாக, குப்பையில் கிடந்தன.

தாடி என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"முழுசா ஒரு ஷிப்டு சார். எல்லாத்தையும் நிறுத்தி, நேரத்தை மறுபடி அளந்து ஏத்தணும்."

"இந்த வாரத்தோட மெஷினை மூடுறாங்க. அப்புறம் வருஷக்கணக்குல பீம் கிடையாது. இப்பப் போய் நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னா, இதுவரைக்கும் எடுத்த எல்லாத்துலயும் ஓட்டைன்னு ஆயிடும். மாநாட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"இதே மூஞ்சிதான் சார். பாதியைத் தாடி மறைச்சிடும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பன்னெண்டுல ஒண்ணு. அவ்வளவுதானே? கடைசியில ஒரு எண்ணால பெருக்கிச் சரிக்கட்டிடலாம். ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

"நிறைய வர்றதைப் பெருக்கலாம். நாம தேடுற அபூர்வ மோதல் ஒரு சீசனுக்கு ரெண்டோ மூணோ வந்தாலே பெருசு. அது ஒன்பதாம் துண்டு வழியாப் போயிருந்தா? பூஜ்ஜியத்தை எதால பெருக்குவீங்க?"

தாடியைக் கோதினார். வேறு ஒன்று வருகிறது என்று புரிந்தது.

"உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?"

"ஆமா."

"நீட்டிப்புல கையெழுத்துப் போடுறது நான். இந்த ஓட்டத்துக்குப் பச்சை போடுறது நீ. ரெண்டுமே சின்ன வேலைம்மா."

தரவு எடுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மென்பொருள் ஷிப்டில் இருப்பவர் பச்சையோ சிவப்போ போட வேண்டும். சிவப்பு விழுந்தால் கூட்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் அது தெரியும். ஒரு குழு கூடி விசாரிக்காமல் அதை யாரும் அழிக்க முடியாது, தாடி உட்பட.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். எனக்கு முதல் சம்பளம் வந்த அன்று, "என் பொண்ணு விஞ்ஞானி, இனிமே உங்க வெந்நீர்ல நீங்களே கை வைங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் விஞ்ஞானி இல்லை, நிரல் எழுதுகிறவள் என்றேன். "அவனுக்கென்ன தெரியும், விடு" என்றாள். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். சின்னத் துகள்களை மோதவிட்டு, உடைவதைப் பார்க்கிறோம் என்றேன். "இதுக்குச் சம்பளமா? உன் தம்பி சும்மாவே செஞ்சானேடி."

இன்று காலையிலும் போன் செய்தாள். "கையெழுத்து ஆச்சா?"

"இல்லம்மா."

"ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற. நீ கறக்கப் போன இடத்துல மாட்டையே உதைக்கிறவ. நம்ம வீட்ல அந்த மாதிரி வாசலுக்குள்ள போனது நீ ஒருத்திதான். தள்ளிவிட்டா திரும்ப எவன் கூப்பிடுவான்?"

ஒருவனும் கூப்பிட மாட்டான். மற்றவர்களுக்கு மாமா பேராசிரியர், சித்தி இயக்குநர். எனக்குப் பரிந்து பேச ஒரு நாதி கிடையாது. அம்மாவால் அந்த மேஸ்திரியிடம் திரும்பிப் போகவும் முடியாது, போனால் செத்துவிடுவாள்.

பச்சை போட்டால் யாருக்கும் தெரியாது. ஈரக் கையோடு நின்ற எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இல்லாமல் போனதை யார் தேடப் போகிறார்கள்?

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்கா நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பச்சை போட்டுடுடி. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"உன் பிஎச்.டி. தீசிஸ்ல ஓட்டை விழும் அக்கா."

"தெரியும். நேத்து நீ சொன்னப்பவே நானும் அந்த மாதிரியைத் திறந்து பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

"ஆறு வருஷம்டி. இந்த டேட்டா போச்சுன்னா என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அவளைத் திட்ட எனக்கு வரவில்லை. என் திரைப் பக்கம் திரும்பினேன்.

இந்த ஓட்டத்தை மட்டும் அல்ல, தொடக்கத்திலிருந்து எல்லா ஓட்டங்களையும் தேர்ந்தெடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கேபிள், தாமதம், ஒரே கோப்பு என்று நான்கு வரி அடித்தேன். சிவப்பை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. இந்தக் கட்டடத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

ஆம்.

சுவர்த்திரையில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஏறியது. அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தாடியின் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன்.

"எங்கடி போற? ஷிப்டு முடியல," என்றாள் அக்கா, கைகளுக்குள்ளிருந்து.

"எனக்கு முடிஞ்சுடுச்சு அக்கா."

"ஏய், நில்லு! என்ன பண்ணி வச்சிருக்கேன்னு தெரியுமா?" காதில் போனோடு தாடி ஓடிவந்தார்.

"தெரியும் சார். காரணம் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க."

அடையாள அட்டையைத் தேய்த்தேன். கதவு திறந்தது. அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி உள்பக்கக் கைப்பிடியில் மாட்டினேன். பெரிய திரையில் கற்றை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்துவார்களா என்று பார்க்க நான் நிற்கவில்லை. பைக்குள் என் போன் அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும். எடுக்காமல் படியிறங்கினேன்.