மயிரிழை எழுத்து

எங்கள் டிடிபி கடை மலைக்கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை பேனரிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வரை நான்தான் டிசைன் செய்கிறேன். எனக்குப் பிடித்த எழுத்து வகை ஒன்று உண்டு. நிற்கும் கோடுகள் தூண் போலத் தடிமன், அவற்றைச் சேர்க்கும் கோடுகள் மயிரிழை, முனைகளில் மெல்லிய பட்டை. நகைக்கடைப் பையிலும் பட்டுப்புடவைப் பெட்டியிலும் பெரிதாகப் போட்டால் மகாராணி மாதிரி நிற்கும். பொடியாகப் போட்டால் மயிரிழையெல்லாம் காணாமல் போய், துண்டு துண்டாகக் கிடக்கும்.

இதை முருகவேலிடம் சொன்னதும் நானேதான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் தன் அப்பா ஆதிகேசவனின் காரியப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். பார்க்க அம்சமாக இருக்கிற எழுத்து வேண்டும் என்றார். இதைக் காட்டினேன்.

"தலைப்புக்கு மட்டும் போடலாம்ணா. கீழ பேருங்களுக்கு வேணாம், சின்னதாப் போட்டா ஒண்ணும் தெரியாது."

முருகவேலின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ சின்னம்மா பேரை மட்டும் அதுல போடும்மா. இருக்கறதுலயே சின்ன சைஸுல."

சின்னம்மா என்றால் தாயம்மாள். முதல் மனைவி இறந்தபின் ஆதிகேசவன் தாலி கட்டியவர். கடைசி நான்கு வருடம் படுத்த படுக்கையாய்க் கிடந்த மனிதருக்கு மலமூத்திரம் எடுத்தவர்.

"பேரே போடலன்னா சொந்தக்காரங்க கேப்பாங்க. போட்ட மாதிரியும் இருக்கணும், தெரியாத மாதிரியும் இருக்கணும்" என்று சிரித்தார். அப்பா செத்து ஒரு வாரம் ஆகவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே டைப் செய்தேன். நான் மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம். மட்டமான தாளில் அச்சாகி வந்தபோது மற்றவர்கள் பேரெல்லாம் கொட்டை எழுத்தில் கறுகறுவென்று இருந்தன. தாயம்மாள் பேர் இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சில புள்ளிகள்.

நேற்று ஒரு வயதான அம்மா அந்தப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இத்த அடிச்சது நீங்கதானேம்மா? நான்தான் தாயம்மா. எம்பேரு போட்டுக்குதுன்னு முருகவேலு சொன்னான். எல்லார் பேரும் நல்லாத் தெரியுது. எம்பேருகிட்ட வந்தா மட்டும் கண்ணு மங்கிப் போவுது. அழுதுகினே இருந்ததுல பார்வை போச்சு போல. அரக்கோணத்துல கண்ணு டாக்டரைப் பாக்கத்தான் போய்க்கினு இருக்கேன். எங்க இருக்குதுன்னு கொஞ்சம் காட்டேன்."

விரலை வைத்துக் காட்டினேன். என் நகத்துக்கு அடியிலேயே அவர் பேர் முழுதும் அடங்கிவிட்டது.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரு அப்படிப் போடச் சொன்னாரு. நான்தான் போட்டேன்."

தாயம்மாள் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்போ அரக்கோணம் போவ வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஆர்.கே.பேட்டை பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.