கால் மீட்டரின் ரொட்டி

முதல் மாவு உருண்டையின் தலையில் கத்தி முனையால் ஒரு மீன்முள்ளைக் கீறிவிட்டு, நோட்டிலும் அதையே வரைந்து நேரே ‘கால் மீட்டர்’ என்று எழுதினாள் அவள். டெய்லரின் பட்டப்பெயர் அது. யார் சட்டைக்குத் துணி கொடுத்தாலும் கால் மீட்டரை அமுக்கிவிடுவார் என்பதில் அந்தத் தெருவில் மாற்றுக் கருத்தே கிடையாது. அவர் மாவும் அவரைப் போலத்தான் இருந்தது, பாதிக்குப் பாதி தவிடு கலந்து, கறுத்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல. அவருக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேர், ஒரு கையில் பிசைந்த மாவும் மறு கையில் ஒரு விறகுத் துண்டுமாக, பேக்கரி வாசலிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் நின்றிருந்தார்கள்.

பணம் செத்து மூன்று மாதமாகியிருந்தது. காலையில் வாங்கிய கூலிக்குச் சாயங்காலம் தீப்பெட்டி கிடைக்கவில்லை. மாதம் ஒரு முறை வீட்டுக்கு ஒரு பை மாவு அரசாங்கம் கொடுத்தது. அதைச் சுட கேஸ் இல்லாமல் ஜனங்கள் வெந்நீரில் கரைத்துக் குடித்தார்கள். பேக்கரியிலோ ஆளுயரச் செங்கல் அடுப்பு இருந்தது, மாவு இல்லை. மாவு வியாபாரி ரூபாய்க்கட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே வேலை பார்த்த அவளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்துவந்த தினம் ஒரு ரொட்டி ஒன்பது நாளாக நின்றுபோய், வீட்டில் அம்மா பசியில்லை என்று சொல்லப் பழகியிருந்தாள். அடுப்பின் இரும்பு மூடியையும் செங்கல்லைத் தாங்கும் தண்டவாளங்களையும் பெயர்த்துப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட முதலாளி முடிவு செய்திருந்தார். அவன் ஒருவன்தான் வெளிநாட்டுப் பணம் தருகிறான்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு ராஜா வெள்ளிக்காசில் செம்பைக் கலந்தான், காசு கையில் இருக்கும்போதே மதிப்பு கரைந்தது, ஆனால் ஊர் சாகவில்லை முதலாளி என்றாள். தெருவுக்கு ஓர் அடுப்பு. அவரவர் மாவு, அவரவர் விறகு. பதினாறில் ஒரு பங்கு மாவு அடுப்புக்காரனுக்கு. மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஓர் அடையாளம் மாவின் மேல். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி அது. மூச்சுவிடாமல் மனப்பாடம் செய்து எழுதியிருந்தாள். அவள் வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். செத்த ராஜாவைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று சித்தப்பாவிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும் கேட்டாயிற்று. கேள்வி நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

முதலாளி வெகுநேரம் தாடியைச் சொறிந்தார். “ஒரே ஒரு தடவை பாப்போம், காலேஜு. சொதப்புச்சுன்னா காலையில மூடியக் கழட்டிருவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

இப்போது அவள் அடுப்பு மூடியைத் திறந்து, நீளப் பலகையை விட்டு முதல் வரிசையை இழுத்தபோது, சொதப்பியிருந்தது. வெந்த மாவின் வாசனை முகத்தில் மோதியது, கீறல் ஒன்றைக்கூடக் காணோம். மீன்முள், பிறை, ஏணி, இரட்டைக்கோடு எல்லாவற்றையும் மாவு பொங்கி விழுங்கிவிட்டது. மாவு பொங்கும் என்று அந்தப் பத்து மார்க் பதிலில் யாரும் எழுதவில்லை. நாற்பது ரொட்டிகள், வெளுத்ததும் சிவந்ததும் கறுத்ததுமாக, மேசையில் ஊர் பேர் இல்லாமல் கிடந்தன. அடுத்து நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். பெரிதாய் வெளுத்ததெல்லாம் முதல் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும், மிச்சத்துக்கு மயிர்ப்பிடிச் சண்டை நடக்கும், நாளைக்கு ஒரு நாயும் எட்டிப்பார்க்காது. போதாததற்கு, வரிசையில் முதல் ஆள் யார்? கால் மீட்டர். அவள் தலையெழுத்து.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசையைச் சுற்றிவந்தார். அவர் கை பெரிய ரொட்டிகளின் மேலாகப் போனது. அவள் பல்லைக் கடித்தாள். கை நிற்காமல் போய், மூலையில் சப்பென்று கிடந்த கறுப்பு ஒன்றை எடுத்தது.

“இது நம்மளுது.”

“எப்படிண்ணே தெரியுது?”

“ஓரத்தப் பாரு. மடிச்சு அடிச்சிருக்கேன்ல.” நிஜமாகவே சட்டை விளிம்பைப் போல அது உள்ளே மடிந்திருந்தது.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. “பக்கத்துலயே பெருசு இருக்கேண்ணே.”

“எனக்கும் கண்ணு இருக்கும்மா. அது வேற யாரோ பிசைஞ்சது.”

கால் மீட்டர் குறையாமல் எடுத்தாயா என்று வரிசையிலிருந்து யாரோ குரல் விட்டார்கள். “அது தொழில்யா, இது ரொட்டி,” என்றார் அவர் திரும்பிப் பார்க்காமலே, சூட்டுக்குக் கைமாற்றிக்கொண்டு வெளியே போனார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நர்ஸ் தன் கட்டைவிரல் பள்ளத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். ஒருத்தி முகர்ந்து பார்த்து எடுத்தாள். இரண்டு பேர் மாற்றி எடுத்துப் படி இறங்கிவிட்டு, நின்று, ஒருவர் கையை ஒருவர் பார்த்து, மாற்றிக்கொண்டார்கள். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால், பெயர்கூட மிஞ்சாத ஏதோ ஒரு தெருவில், இதே சூட்டில் இதே கைகள் இப்படித்தான் நீண்டிருக்கும் என்று நினைத்தபோது, சண்டைக்குத் தயாராக இருந்த அவளுக்குக் கோபப்பட ஆள் யாரும் அகப்படவில்லை. நாற்பதும் போனபின் மேசையில் பங்கு மாவில் சுட்ட இரண்டு முழு ரொட்டிகளும் ஒரு குட்டியும் இருந்தன. முதலாளி ஒரு முழு ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

“இது அம்மாவுக்கு. சரி, நாளைக்கு எரிக்க என்ன இருக்கு? கொண்டாந்தது பூரா சாம்பலாயிருச்சே.”

அவளுடைய பத்து மார்க் பதில் அங்கே முடிந்துபோயிருந்தது. ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயில் சாய்ந்த தெருவில், மருந்துக்கடைத் திருப்பத்திலிருந்து ஒரு கதவு நடந்துவந்துகொண்டிருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த வீட்டுக் கதவு, கழற்றாத தாழ்ப்பாள் கணகணவென்று ஆட, அதன் அடியில் இரண்டு ஜோடிக் கால்கள்.