மதிலுக்கு அந்தப்பக்கத்துப் புகை

ஹைட்ரஜன் ஆலையில் கரியமில வாயுக் கணக்குப் பார்ப்பவளுக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க நாலு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறக் கூடாது என்பது அதை வாங்கப்போகும் பேருந்துக் கம்பெனி போட்ட நிபந்தனை. அவளுக்கு வந்த விடை மூன்றரை. நாளைக் காலை கம்பெனி அம்மாள் வந்து கையெழுத்துப் போட்டால் ஆலை பிழைக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

மதியம் கேன்டீனில் கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான். மதிலுக்கு அந்தப்பக்கம் கொதிகலன் பிரிவில் அவன் ஆபரேட்டர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னங்க, சட்டையோடயே குளிச்சிட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாத. நாலு மாசமா கொதிகலனுக்கு ஓய்வே இல்ல. எல்லாம் கரியமில வாயுவப் பிடிக்கிற உங்க கோபுரத்துக்குத்தான். வாயுவ உறிஞ்சின மருந்துத் தண்ணியக் காய்ச்சினாத்தான் அது மறுபடி உதவுமாம். நீராவி குடு, நீராவி குடுன்னு உயிர வாங்குறாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கொதிகலன் வேறு பிரிவு, அதற்கு வேறு பதிவேடு. அதனால் அவள் கணக்கு மதிலோடு நின்றுவிட்டது. வாயுவைப் பிடிப்பதற்காகவே ஒரு புகைபோக்கி ராப்பகலாக வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்கு வருகிறாள், மகாராணி! ஓடிப்போய்ச் சேர்த்துப் பார்த்தாள். ஐந்தேகால்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மதிலோடயே விட்டுடும்மா. யாரு எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நானே பாத்துட்டேனே சார்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்தேகாலை மாற்றவில்லை.

மறுநாள் கம்பெனி அம்மாள் தாளைப் புரட்டினார். ஐந்தேகாலில் விரல் நின்றது. மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் ஆறு ஆலை பாத்துட்டேன். அத்தனை பேரும் கொதிகலன் இல்லாமலே நீராவி தயாரிக்கிறாங்க!" அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க ஒருத்தர்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஆறு மாசம் தர்றேன். நாலுக்குக் கீழ கொண்டு வர முடியுமா?"

"முடியும் மேடம். ஹைட்ரஜன் தயாரிக்கிற எங்க உலையோட சூடு பாதி வீணாத்தான் போகுது. அதுலயே மருந்துத் தண்ணியக் காய்ச்சிட்டா, கொதிகலனே வேணாம்."

சொன்ன பிறகுதான் கணவன் ஞாபகம் வந்தது. மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, கொதிகலன் பிரிவுக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஆலை தப்பிச்சிடுச்சுங்க! ஆனா... உங்க கொதிகலன மூடப் போறோம்."

"அடிப்பாவி! கட்டின புருஷன் வேலைக்கே வேட்டு வெச்சிட்டியா?"

"புதுசாப் போடுற சூட்டுக் குழாயப் பாத்துக்க ஆள் வேணுமாம். உங்களச் சொல்லியிருக்கேன். சார் சரின்னுட்டார். என் மேசைக்கு எதிர்லதான் உங்களுக்கு இடம்."

அவன் கொதிகலனைத் திரும்பிப் பார்த்தான்.

"நாள் முழுக்க உன் எதிர்லயா? இந்தச் சூடே தேவலாம்டி!" என்று சொல்லிவிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தான்.