வண்டியில் ஏறும்போது

ஈரத் துணி உருளைக்குள் போகும்போது சீறும். அந்தச் சீறலில் பேசினால் காதில் விழாது. சலவைக்கூடத்தில் துணியை உலர்த்தி இஸ்திரி போடும் உருளை மெஷினில் நிற்பவர்கள் கண்ணாலும் முகவாயாலும்தான் பேசிக்கொள்வார்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அதுகூடத் தேவைப்படவில்லை. அக்காவும் தங்கையுமாகப் பல வருஷம் ஒரே மெஷினில் நின்றவர்கள். தள்ளுவண்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, கொதிக்கும் உருளையின் வாயில் ஒரே நேரத்தில் வைப்பார்கள். ஒருத்தியின் கை கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணலாக உள்ளே போய் மறுபக்கம் சுருண்டு வரும்.

எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. ஊரின் மறுகோடியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் மூளை வைத்தியத்துக்கென்றே தனியாக ஒரு மாடி திறந்த பிறகு லோடு இரண்டு மடங்காகியிருந்தது. பச்சை விரிப்பு, வெள்ளை விரிப்பு, டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் நீல அங்கி. என்ன வைத்தியம் என்று யாரும் கேட்டதில்லை. கறை போகவில்லை என்றால் மட்டும் துணி திரும்பி வரும்.

காலை டீ மணி இன்னும் அடிக்கவில்லை. ஒரு விரிப்பு கோணலாகப் போனது.

சின்னவள் சிரித்தாள். "என்னக்கா, அத்தான் நெனப்பா?"

பெரியவளும் சிரித்தாள். முகத்தில் பாதிதான் சிரித்தது. அடுத்த விரிப்பின் முனையை அவள் வலது கை பிடிக்கவே இல்லை. துணி நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு, யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாக வந்தன.

சின்னவள் மெஷினை நிறுத்தினாள். ஹாலில் சட்டென்று சத்தம் அடங்கியதும் சூப்பர்வைசர் வந்துவிட்டார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விசிலடித்தே கூப்பிடுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். மெஷின் நின்றுபோனால் மேலே பதில் சொல்லவேண்டியவர் அவர். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு நாள் லோடு பிந்தியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

"காலையில சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா சார். கை வரலேங்கறா. பேச்சும் குழறுது."

"சூடுதான். இங்க நின்னா எனக்கே தலை சுத்துது. கொஞ்சம் உப்பு போட்டுத் தண்ணி குடு."

அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் பெரியவளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். வாயில் ஊற்றிய தண்ணீர் வலது ஓரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது.

"வாய் கோணுது சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். போனையாவது குடுங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்." எல்லாருடைய போனும் வாசல் அறையில் பூட்டியிருந்தது.

"ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னா ஊரே கூடும். என்ன ஏதுன்னு கேப்பாங்க. ஏன் அதெல்லாம்?" விசில் குரலைத் தணித்துக்கொண்டார். "நம்ம வண்டியிலயே கொண்டுபோகலாம்மா. போற எடமும் அதே ஆஸ்பத்திரிதானே. லோடு ஏறினா வண்டி நகரப்போகுது. நீ எவ்வளவு சீக்கிரம் முடிக்கறயோ அவ்வளவு சீக்கிரம் உங்கக்கா அங்க இருப்பா."

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் இருந்தது. பெரியவளின் இடத்தில் நெட்டை என்கிற பெண் வந்து நின்றாள். சின்னவள் மெஷினைப் போட்டாள்.

அன்றைக்கு அவள் செய்த வேலையை அதுவரை செய்ததில்லை. உருளையின் வேகத்தை ஏற்றினாள். டீக்குப் போகவில்லை. சாப்பாட்டு மணிக்கும் நகரவில்லை. நெட்டையையும் போகவிடவில்லை. "எனக்காகடி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கெஞ்சினாள். முழங்கையில் உருளை பட்டுத் தோல் வழன்றது. ஒவ்வொரு விரிப்பு போனதும் மூட்டைகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முதலில் பெரியவளின் கண் திறந்திருந்தது. அவள் இடது கை மூட்டையின் முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தது. பிறகு கண் மூடியது.

"தூங்கறா பாரு" என்றாள் நெட்டை. "தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிடும்."

சின்னவள் அதை நம்பினாள். நம்பாமல் இருந்தால் கை ஓடியிருக்காது.

வண்டி கிளம்பும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சூடு ஆறாத விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே பெரியவளைப் படுக்கவைத்தார்கள். விசிலும் கூடவே ஏறினார். பாதி வழியில் சின்னவள் பக்கம் குனிந்தார்.

"வண்டியில ஏறும்போது விழுந்துட்டான்னு சொல்லு. காலையிலேருந்துன்னு சொன்னா ஆயிரம் கேள்வி வரும். என் வேலையும் போகும், உன் வேலையும் போகும். எப்ப விழுந்தா என்ன, வைத்தியம் ஒண்ணுதானே?"

சின்னவள் அக்காவின் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பெரியவளின் கையைத் தூக்கிவிட்டாள். அது பொத்தென்று விழுந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"இப்பத்தான் மேடம்" என்றார் விசில். "வண்டியில ஏறும்போது அப்படியே சரிஞ்சுட்டாங்க. உடனே தூக்கிட்டு வந்துட்டோம்."

அந்த 'உடனே'யைக் கேட்டதும் டாக்டரின் முகம் தெளிந்தது. "நல்லவேளை" என்றாள். ஸ்ட்ரெச்சர் ஓடியது. ஸ்கேன் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் ஒருத்தி மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினாள். டாக்டர் சின்னவளிடம் வேகமாகச் சொன்னாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருக்கு. கரைக்கறதுக்கு ஊசி போடப்போறேன். அடைச்சு கொஞ்ச நேரந்தான் ஆச்சுங்கறதால போடலாம். ரொம்ப நேரம் ஆனவங்களுக்கு இதைப் போட மாட்டோம். அந்த இடம் நைஞ்சு போயிருக்கும், ஊசி போட்டா உள்ளேயே ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். உங்க சம்மதம் வேணும்."

சின்னவள் விசிலைப் பார்த்தாள். அவர் கதவோரமாக நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருந்தது. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் ஊசியோடு கட்டிலருகே வந்தாள்.

"போடாதீங்க" என்றாள் சின்னவள். "இப்ப இல்ல. காலையில. டீ மணிக்கு முன்னாடியே கை விழுந்துடுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நர்ஸின் கை நின்றுவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஊசி திரும்பத் தட்டில் வைக்கப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது. சின்னவள் கதவுப் பக்கம் திரும்பியபோது விசில் அங்கே இல்லை.

மறுபடியும் ஒரு படம் எடுத்தார்கள். இந்த முறை மேல்மாடியிலிருந்து பெரிய டாக்டர் இறங்கி வந்தார். அவர் போட்டிருந்த நீல அங்கி இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. திரையில் ஒரு கறுப்புப் பகுதியையும் அதைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தையும் காட்டினார்.

"கறுப்பா இருக்கறது போயிடுச்சும்மா. அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சுத்தி இருக்கறது இன்னும் சாகல. தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, தலை வரைக்கும் கொண்டுபோய், அந்தக் கட்டியை வெளிய இழுத்துடுவோம். மண்டையைத் திறக்க வேண்டியதில்ல. முன்னெல்லாம் இப்படி வந்தா கையைப் பிசைஞ்சுட்டு நிக்க வேண்டியதுதான். இப்ப முடியுது."

"பொழைச்சுடுவாளா?"

"இழுத்துப் பாப்போம்."

கதவு மூடியது. சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கைப் புண்ணில் அப்போதுதான் எரிச்சல் தெரிந்தது. பெரியவளின் புருஷன் கொத்தனார். வேலை நடந்த இடத்திலிருந்து சிமெண்டுக் கையோடு ஓடிவந்தார். அவருக்கு வாசலிலேயே ஆள் கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விசில் அவர் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருப்பதை சின்னவள் பார்த்தாள். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. கொத்தனார் உள்ளே வந்தபோது அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

பெரிய டாக்டர் வெளியே வந்து, எடுத்ததைக் காட்டினார். வெள்ளைத் துணியின் மேல் கருஞ்சிவப்பாக, டீத்தூள் திப்பி அளவுக்கு இருந்தது.

"அடைப்பு விட்டுடுச்சு. உயிருக்கு ஆபத்தில்ல. கால் கொஞ்சம் வரும், விந்தி விந்தி நடப்பாங்க. கையும் பேச்சும் சந்தேகந்தான். பேச்சுக்கான இடம் முன்னாடியே செத்துப்போச்சு." அவர் கையுறைகளைக் கழற்றினார். "காலையிலேயே வந்திருந்தா இதே வைத்தியத்துல நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஏன் கொண்டுவரல?"

கொத்தனார் சின்னவளைப் பார்த்தார்.

"காலையிலேயே தெரியும்னு நீதான் டாக்டர்கிட்ட சொன்னியாமே" என்றார், டாக்டர் போன பிறகு. "சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியாமே."

"சொன்னேன் அத்தான். கெஞ்சினேன். லோடு முடிஞ்சாத்தான் வண்டி எடுப்பேன்னார்."

"அப்ப லோடு முடிச்சே."

முடித்தது உண்மைதான்.

சலவைக்கூடத்தில் விசாரித்தார்கள். எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார்கள். நெட்டை தலையைக் குனிந்துகொண்டு, தான் துணியைத்தான் பார்த்ததாகவும் ஆளைப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். வெளியே வரும்போது சின்னவளின் கையைப் பிடித்து, "எனக்கும் ரெண்டு இருக்குடி" என்றாள். அவளுடைய பிள்ளைகளைத்தான் சொன்னாள். சின்னவளை அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கூடப் பிறந்தவளையே கவனிக்காதவள் மெஷினை எப்படிக் கவனிப்பாள் என்று மேலே யாரோ கேட்டார்களாம்.

பெரியவள் வீடு திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை வருவாள். சின்னவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தலை வாரினாள். கொத்தனார் அதைத் தடுக்கவில்லை. அவளிடம் பேசவும் இல்லை. பேச்சில் பெரியவளிடம் மிஞ்சியது ஒரே வார்த்தைதான். எதைக் கேட்டாலும் அதுதான் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "சரி." வேண்டாமா என்றாலும் "சரி." கோபம் வந்தாலும் அதுதான், அழுகை வந்தாலும் அதுதான். என்ன சொல்ல வருகிறாள் என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து சின்னவள் கண்டுபிடிப்பாள். கொத்தனாரும் கண்டுபிடிக்கப் பழகியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசில் பழங்களோடு வந்தார். நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டார். இளைத்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"மேல பேசியிருக்கேன். அவங்களும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல. மருந்துச் செலவை ஏத்துக்கறதா இருக்காங்க. ஆனா வேலை நேரத்துல நடக்கலன்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரியணும். வேற யாரும் சொல்லி என்ன பிரயோஜனம்? பாதிக்கப்பட்டவங்களே சொல்லிட்டா முடிஞ்சுது."

"அவளுக்கு எங்க பேச்சு வருது" என்றார் கொத்தனார்.

"கேட்டுப் பாப்போமே."

விசில் கட்டில் பக்கம் குனிந்தார். குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "வண்டியில ஏறும்போதுதானேம்மா விழுந்தே? காலையில நல்லாத்தானே இருந்தே?"

பெரியவளின் கண்கள் விரிந்தன. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க எதையோ உள்ளிருந்து இழுத்தாள்.

"சரி" என்றாள்.

"அத்தான், அவ அதைச் சொல்லல" என்றாள் சின்னவள். "உங்களுக்கே தெரியும்."

கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் மருந்துக் குப்பிகள் இருந்தன. அவற்றில் பாதி காலியாகியிருந்தன.

"அவதான் சொல்லிட்டாளே" என்றார் விசில் மெதுவாக. கொத்தனாரை நேராகப் பார்க்காமல்தான் சொன்னார். "நீங்களும் கேட்டீங்க இல்ல?"

கொத்தனார் தலையை அசைத்தார்.

பெரியவள் இடது கையால் தங்கையின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். நகம் பதிய இறுக்கினாள். அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, எதிரே இருந்த இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணில் நீர் வழிய வழிய, உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "சரி, சரி, சரி, சரி."